தண்ணீர் கொடுக்க ஓர் ஆள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். எடுத்ததும், "என்ன, தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து அந்தப் போன் வரும்வரை ஒரு வார்த்தைகூட நான் பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான். பகல் முழுக்கச் சும்மா கிடந்த தொண்டை கரகரத்தது. ஆமாம், லேசாகக் கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டு, முற்றத்தில் நின்று என்னை நானே சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டேன். முப்பது வயதில் ஒருத்திக்குப் பேச ஆளில்லாமல் குரலே துருப்பிடிக்கிறதென்றால் இது என்ன பிழைப்பு?

வீடு மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. வெளிநாட்டுக் காசில் கட்டியது. மாடி உண்டு, மாடியில் மூன்று அறை உண்டு, மூன்றிலும் பூட்டு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அவர் லீவில் வருவார். அவர் பெட்டியைத் திறந்து, சாமான்களைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைத்து முடித்து, நாங்கள் இருவரும் கூச்சம் தெளிந்து பேச ஆரம்பிக்கும்போது டிக்கெட் தேதி வந்துவிடும். அவர் போன பிறகு ஒரு மாதம் பக்கத்து வீட்டுப் பெண்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வயிற்றைத்தான் பார்ப்பார்கள். "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" இல்லை. இல்லை என்று எத்தனை முறை சொல்வது? கடைசியில் மதிலுக்கு இந்தப் பக்கமே இருந்துகொண்டேன்.

இப்படி இருந்தவள் ஒரு காலத்தில் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டிப் பந்தயத்துக்குப் போனவள் என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்து நாலில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மலையில் ஓட்டும் சைக்கிளுக்கென்று தனிப் பந்தயம் இருப்பது அப்போது நாகர்கோவிலில் பாதிப் பேருக்குத் தெரியாது. வடசேரியில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தேன் என்றால், கிறுக்கி கிளம்பிவிட்டாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போங்கள் என்று நானும் ஓட்டினேன். அப்பா பஸ் டிரைவர். பந்தயம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் யார் காலையாவது பிடித்து டூட்டியை மாற்றிக்கொண்டு என்னோடு வந்துவிடுவார்.

அவர் வராமல் நான் ஓட்டியிருக்கவும் முடியாது. மலைச்சரிவில் வட்டமாக ஒரு பாதை, அதையே நாலு சுற்று, ஐந்து சுற்று ஓட்ட வேண்டும். பாதையில் ஓரிடத்தில் கயிறு கட்டியிருப்பார்கள். அங்கே மட்டும்தான் தண்ணீர் வாங்கலாம். நம்முடைய ஆள் ஒருவர் அங்கே நின்று குப்பியை நீட்டுவார், நாம் ஓடுகிற வண்டியிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். வேறு இடத்தில் ஒரு வாய் வாங்கிக் குடித்தாலும் ஆள் வெளியே. இன்னொரு விதியும் உண்டு. முதலில் போகிறவள் ஒரு முழுச் சுற்று ஓட்டி வந்து நம்மைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டால், விசில் ஊதி இறக்கிவிடுவார்கள். மானம் போகிற விசில் அது.

அப்பா இடக்கையர். சோற்றைத் தவிர எல்லாமே அவருக்கு இடது கைதான். டெப்போவில் அதை வைத்து அவரைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. ஆனால் கயிறு எந்த ஓரத்தில் கட்டியிருந்தாலும் அவர் நீட்டிய குப்பி என் உள்ளங்கையில் வந்து உட்காரும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதைப் பெரிய காரியமாக அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஓட்டிய கடைசிப் பந்தயத்தில் என் செயின் அறுந்தது. அதை ஒக்கிட்டுச் சரிபண்ணி ஏறுவதற்குள் நேரம் போய்விட்டது. ஒரே ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போது விசில் ஊதினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுத அழுகையில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்தார். "அடுத்ததுல பாத்துக்கிடலாம் மக்கா" என்றார் அப்பா. அடுத்தது வரவில்லை. கல்யாணம் வந்தது. அது கழிந்து இரண்டு வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். அந்த ஒரு சுற்று மட்டும் எனக்குள் தீராமல் கிடந்தது.

தொண்டை கட்டிய அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். பால் வாங்கப் போன இடத்தில், டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மலைச் சைக்கிள் பந்தயம், பெண்களுக்கும் உண்டு. பாலை வாங்காமல் திரும்பி வந்தேன். அந்த வாரமே எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போய் வண்டி எடுத்தேன். ஏழு வருடத்தில் சைக்கிள் எவ்வளவோ மாறியிருந்தது. சக்கரம் பெரிதாகியிருந்தது, பிரேக்கை ஒரு விரலால் தொட்டாலே நின்றது. மாறாதது ஒன்றுதான், ஏற்றம்.

முதல் நாள் விடியற்காலையில், ஊருக்குப் பின்னாலிருந்த ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் பாதியில் இறங்கி, ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் நெற்றி விளக்கைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். நல்ல மனிதர். மரங்களில் சிரட்டை கட்டியிருக்கும், அதில் பால் சொட்டும், கீழே சருகு மூடிக் கிடக்கும், சருகுக்கு அடியில் எங்கே வேர் எங்கே கல் என்று தெரியாது. விழுந்தால் தூக்க ஆளில்லை, எழுந்தால் பார்க்கவும் ஆளில்லை. வெளியே சொல்ல வெட்கமான ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காட்டுக்குள் தனியாக ஓட்டியபோது எனக்கு அவ்வளவு தனியாக இல்லை. திரும்பி வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும்போதுதான் தனியாகிவிடுவேன்.

தெருவில் பேச்சு வராமல் இருக்குமா? சைக்கிள் சவுட்டினால் வயிறு இறங்கிப் போகும், அதனால்தான் பிள்ளை நிற்கவில்லை என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். ஏழு வருடம் சைக்கிளைத் தொடாமல் இருந்தபோது எங்கே நின்றதாம்? மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து இதைக் கேட்டேன். அவள் அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அதுவும் ஒருவகையில் எனக்குத்தான் நஷ்டம். கோள் சொல்லவாவது அவள் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

ஞாயிறு தவிர தினமும் என்னிடம் பேசுகிற ஆளென்றால் மீன்காரி அக்காதான். கடற்கரையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, சும்மாட்டின் மேல் அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். எங்கள் வீட்டுக்கு வரும்போது பாத்திரம் முக்கால்வாசி காலியாகியிருக்கும். எனக்கு நாலு சாளை போதும். ஆனால் நான் உடனே வாங்கிவிட மாட்டேன். கண் வெளுத்திருக்கிறது, செவுள் சரியில்லை, விலை அதிகம் என்று வம்பு வளர்ப்பேன். பேரம் நீண்டால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள், அதற்காகத்தான். அவளுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பேரம் படிந்த பிறகும் பாத்திரத்தைத் தூக்காமல், தன் மருமகளைப் பற்றி ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் போவாள்.

பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போன் செய்தபோது, எடுத்த பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "தண்ணி குடுக்க ஒங்க ஆளு யாரு?" என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யாரைச் சொல்ல? கூடப்பிறந்த அண்ணனைக் கேட்டேன், அன்றைக்கு ஒரு கல்யாணம் என்றான். கூடப் படித்த ஒருத்தி சென்னையில், ஒருத்தி துபாயில். பக்கத்து வீட்டுக்காரி மதிலோடு பகை. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் கம்பெனி, எலக்ட்ரீஷியன், கிணற்று மோட்டார்காரர். என் வாழ்க்கையில் ஒரு குப்பித் தண்ணீரை நீட்ட ஓர் ஆள் இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மீன்காரி அக்கா விழுந்து அடிபட்டு முழங்காலில் நான் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பந்தயம், விசில், அப்பா, ஆள் இல்லாதது எல்லாம். அவள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

"ஞாயிறாச்சதானே? ஞாயிறாச்ச எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போவ மாட்டாவ, எனக்கும் வியாபாரம் கெடையாது. முதல் பூசை கண்டுட்டு வந்திருகேன்" என்றாள். "தண்ணி குடுக்கது ஒரு வேலையா மக்கா?"

அது வேலைதான் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. தினமும் மீன் வாங்கி முடிந்ததும் பயிற்சி. எங்கள் கேட்டுக்கு முன்னால் ஓடையை மூடிய சிலாப்பில் அவள் குப்பியோடு நிற்பாள், நான் தெரு முனையிலிருந்து சவுட்டி வருவேன். முதலில் இரண்டு நாள் நான் பக்கத்தில் வந்ததும் பயந்து குப்பியோடு சாடிப் பின்னால் போனாள். மூன்றாவது நாள் பயம் தெளிந்தது. அப்புறம் பிசகவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நீட்டி, குப்பி என் கைக்கு வந்ததும் "போ, போ" என்று விரட்டுவாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே.

பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. விழுந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றார். பிறகு, "தனியாவா போற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் வேறு பதில் இருந்தது.

"இல்ல. எனக்கு ஆள் உண்டு."

எஸ்டேட்டில் பெண்கள் பிரிவில் ஆறு பேர். மற்ற ஐந்தும் இருபது வயதுகூட ஆகாத குட்டிகள். ஒவ்வொருத்தியோடும் அப்பா, மாமா, பயிற்சி கொடுக்கிறவர் என்று ஒரு பட்டாளம். நான் ஒருத்தி முப்பது வயதில் வீட்டுக்காரருக்கு மஸ்கட் கம்பெனிக்காரன் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் கயிறு கட்டிய இடத்தில் எனக்கும் ஆள் இருந்தது. அக்கா பூசையிலிருந்து நேரே வந்திருந்தாள், கல்யாண வீட்டுக்கு உடுத்துகிற சேலையில். கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன் தெரியுமா, மீன் வாடை தண்ணியில் ஏறிவிடக்கூடாதே என்றாள்.

கயிறு பாதையின் இடது ஓரத்தில் கட்டியிருந்தார்கள். வலது பக்கம் கிடுகிடு பள்ளம், அங்கே ஆள் நிற்க முடியாது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. எங்கள் கேட் எனக்கு வலது பக்கம். அங்கே வருகிறவளைப் பார்த்து நிற்கும் அக்காவுக்குப் பாதைப் பக்கம் வலது கை. இடது ஓரத்தில் நின்றால் பாதைப் பக்கம் வருவது இடது கை. இது பிரச்சினை ஆகும் என்று அப்பாவோடு வளர்ந்த எனக்கு எப்படித் தோன்றும்?

ஐந்து சுற்று. முதல் சுற்று முடித்து வந்தபோது நான் நான்காவதாக இருந்தேன், மூச்சு நன்றாக இருந்தது. அக்கா இடது ஓரத்தில் நின்றாள். இடது கை சும்மா தொங்கியது. வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து குப்பியை நீட்டினாள். பாதி தூரம்தான் எட்டியது. என் விரல் பட்டு, குப்பி கீழே விழுந்து பள்ளத்துக்கு உருண்டது. இடது கையால் நீட்டுங்கள் என்று கத்திக்கொண்டே போனேன்.

இரண்டாவது சுற்றில் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அப்படி நின்றால் வலது கை பாதைப் பக்கம் வரும் என்று கண்டுபிடித்திருக்கிறாள் பாவம். ஆனால் நான் எங்கே வருகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. சரியாக நான் கையை நீட்டும்போது என்னைப் பார்க்கத் திரும்பினாள், குப்பியும் கூடவே திரும்பிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.

மூன்றாவது சுற்றில் வெயில் ஏறிவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது, எச்சில் இல்லை. தூரத்திலிருந்தே "எடங்கை! எடங்கை!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற அப்பாமாரும் அவளைப் பார்த்துக் கத்தினார்கள். அவள் குப்பியை இடது கைக்கு மாற்றினாள். நான் நெருங்கியதும் அந்தக் கை தானாகவே மடங்கி இடுப்புக்குப் போனது.

"எடங்கையால ஒரு ஆளுக்குத் தண்ணி குடுக்கப்பிடாது மக்கா" என்று பின்னாலிருந்து அழுகிற குரல் கேட்டது. "எனக்குக் கை வரல்ல."

நான்காவது சுற்றை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. ஏற்றத்தில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஆறு பேரில் ஆறாவது. இறக்கத்தில் பின்னால் சக்கரம் கிறுகிறுவென்று சுழலும் சத்தம் கேட்டது. முதலில் ஓட்டுகிற பெண் தன் ஐந்தாவது சுற்றை முடிக்க வந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒரு வழி இருந்தது. கயிறு கட்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் சுண்ணாம்புக் கோடு. அவள் என்னைப் பிடிப்பதற்கு முன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும். கடைசிச் சுற்று எனக்குச் சொந்தம், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் ஒருவரும் விசில் ஊத முடியாது. ஏழு வருடமாக உள்ளே கிடந்த சுற்று. தண்ணீர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கோட்டைத் தாண்டு என்று பல்லைக் கடித்துச் சவுட்டினேன்.

வளைவு திரும்பினேன். அக்கா ஓரத்தில் இல்லை. பாதைக்கு நடுவில் நின்றாள். குப்பியை இரண்டு கையாலும் பிடித்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். விலகச் சொல்லி எல்லோரும் கத்துகிறார்கள், அவள் விலகவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போக இடம் இருந்தது. வலது பக்கம் ஒரு சக்கரம் போகிற அளவுக்கு இருந்தது, நான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் கோடு வெள்ளையாகத் தெரிந்தது.

அவளை மறுபடியும் பார்த்தேன். எனக்காக ஒருத்தி நிற்கிறாள். இவளை விட்டுவிட்டுப் போய் அந்தக் கோட்டுக்கு அப்பால் யாரிடம் போய்ச் சேரப் போகிறேன்?

ஒரு விரலால் பிரேக்கைத் தொட்டேன். வண்டி நின்றது. அக்காவின் சேலையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். காலை ஊன்றி, இரண்டு கையாலும் குப்பியை வாங்கினேன். அவள் என் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் எங்களைத் தாண்டிப் பறந்தாள், அவளுடைய அப்பா கூடவே ஓடினார். எனக்கு விசில் ஊதினார்கள். ஒரு சுற்று பாக்கி, இந்தத் தடவையும்.

அழுகையும் தண்ணீரும் சேர்ந்து எனக்குப் புரையேறியது. அக்கா என் தலையில் தட்டினாள், வலது கையால்.

"மெதுவாக் குடி மக்கா" என்றாள். "நான் எங்கயும் போவல்ல."

குப்பி காலியாகும்வரை நின்று குடித்தேன்.